தலைமைப் பயிற்சியா? தட்சணைப் பயிற்சியா?

சிறிது காலமாக உழவர்கரைப் பக்கத்தில் ஒரு புது வியாபாரம் கிளம்பியிருக்கின்றது. ரெட்டியார்பாளையம், இலாசுப்பேட்டை, தட்டாஞ்சாவடி ஆகிய எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவதொரு கலியாண மண்டபத்து வாசலில், “தலைவனாவது எப்படி?”, “வெற்றி உன் கையில்” என்பது போன்ற விளம்பரம் தொங்குகின்றது. அதில் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் விரலை நீட்டிக்கொண்டு சிரிக்கின்றார். கீழே கட்டணம் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கின்றது. முன்னதாகப் பணம் கட்டுகின்றவர்களுக்குச் சலுகையும் உண்டாம்.

நாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப்பட்ட ஒரு வகுப்புக்குப் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்துவிட்டு வந்தோம். நடத்தினவர் பெயரும் ஸ்தாபனத்தின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. நமக்கு ஆளிடத்தில் விரோதம் இல்லை, சரக்கினிடத்தில்தான் விரோதம்.

வந்திருந்தவர்கள் யார்? படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் வாலிபர்கள், ஆட்டோ ஓட்டுகின்றவர்கள், துணிக்கடையில் நாள் முழுதும் நின்று கால் வீங்கின பெண்கள், மூடிப்போன பஞ்சாலைகளில் வேலை இழந்தவர்களுடைய பிள்ளைகள். இவர்களில் ஒருவரும் சோம்பேறியல்ல. மேடையில் இருந்தவர் விளக்கை மங்கச் செய்தார்; பாட்டு வைத்தார்; “கண்ணை மூடுங்கள், வலது கையை நெஞ்சில் வையுங்கள், நான் தலைவன், நான் வெற்றியாளன் என்று மூன்று தரம் சொல்லுங்கள்” என்றார். எல்லோரும் சொன்னார்கள். சிலர் அழுதுவிட்டார்கள். சாயங்காலம், “இது முதற்படிதான்” என்று சொல்லி, இரண்டாம் படிக்கு இவ்வளவு, மூன்றாம் படிக்கு இவ்வளவு என்று கட்டணப் பட்டியலை நீட்டினார்கள்.

தோழர்களே! கண்ணை மூடிக்கொண்டு ஒரே வார்த்தையை மூன்று தரம் சொன்னால் பலன் உண்டு என்னும் சங்கதிக்கு நம் நாட்டில் ஏற்கனவே ஒரு பெயர் உண்டா, இல்லையா? அதற்கு மந்திரம் என்று பெயர். மந்திரம் சொல்லிக்கொடுத்ததற்கு வாங்கும் பணத்திற்குத் தட்சணை என்று பெயர். முதற்படி, இரண்டாம் படி, மூன்றாம் படி என்பதற்கு தீட்சை என்று பெயர். பஞ்சகச்சத்தைக் கழற்றிக் கால்சட்டை போட்டுக்கொண்டதனாலேயே புரோகிதம் வேறு தொழிலாகிவிடுமா என்று கேட்கின்றோம்.

நிற்க, நாம் சொல்லுவதை யாரும் தப்பாக அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. ஒருவன் முன்னேற வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றம் என்று நாம் ஒருநாளும் சொல்லமாட்டோம். போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று ஏழைகளுக்கு மாத்திரம் உபதேசம் செய்து, தாங்கள் மாத்திரம் போதாது போதாதென்று சேர்த்துக்கொண்டவர்களின் புரட்டு நமக்குத் தெரியாததல்ல. நாலு பேர் முன் கூச்சமின்றிப் பேசவும், சொன்ன நேரத்திற்கு வரவும், வரவு செலவுக் கணக்கு எழுதவும் ஒருவன் கற்றுக்கொண்டால் அது நல்லதுதான். அந்த வகுப்பிலும் அப்படி ஒன்றிரண்டு காரியங்கள் சொன்னார்கள், இல்லையென்று சொல்லமாட்டோம். ஆனால் அந்த ஒரு பிடி அரிசிக்காக எத்தனை மரக்கால் உமியை விலை கொடுத்து வாங்குவது?

பழைய புரோகிதன் என்ன சொன்னான்? “நீ ஏழையாயிருப்பது உன் முன்ஜென்ம கர்மம், குற்றம் உன்னுடையது” என்றான். புதிய புரோகிதன் என்ன சொல்லுகின்றான்? “நீ ஏழையாயிருப்பது உன் மனம் சரியில்லாததனால், குற்றம் உன்னுடையது” என்கின்றான். கூலி குறைவாய்க் கொடுக்கின்ற முதலாளி மீது இரண்டு பேரும் குற்றம் சொல்லவில்லை. பிறந்த சாதியைப் பார்த்து வீடு வாடகைக்குக் கொடுக்க மறுக்கின்றவன் மீதும் குற்றம் சொல்லவில்லை. ஆலை மூடினதும், வேலை போனதும் இருவர் கணக்கிலும் வரவில்லை. எல்லாம் உன் தலையில். ஒருவன் தலையெழுத்து என்றான், மற்றவன் தலைக்குள்ளிருக்கும் எண்ணம் என்றான். அவ்வளவுதான் வித்தியாசம்.

“அப்படியானால் மேடையில் வந்து சாட்சி சொன்னவர்கள் பொய்யர்களா? ஒன்றுமில்லாமலிருந்து இந்தப் பயிற்சியால் மேலே வந்ததாகச் சொன்னார்களே” என்று ஒரு தோழர் நம்மைக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு இரண்டாயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன்பு கிரேக்க நாட்டில் இருந்த டயகோரஸ் என்னும் நாத்திகரைப் பற்றி ரோமாபுரி சிசரோ எழுதி வைத்திருக்கும் ஒரு சங்கதியே பதிலாகும். ஒரு கோயிலில், கடலில் புயலில் அகப்பட்டு, நேர்ந்துகொண்டதனால் தப்பினவர்கள் வைத்த படங்கள் நிறைய மாட்டியிருந்தனவாம். “பார், தெய்வ சக்தியை!” என்று ஒருவர் அவருக்குக் காட்டினாராம். “சரி, நேர்ந்துகொண்டும் மூழ்கிப் போனவர்களின் படங்கள் எங்கே?” என்று டயகோரஸ் கேட்டாராம். நாமும் அதையேதான் கேட்கின்றோம். மூன்று படியும் ஏறிப் பணம் கட்டி, அப்புறமும் வேலை கிடைக்காமல், கடனோடு வீடு திரும்பினவர்களை என்றைக்காவது மேடையில் ஏற்றினார்களா? மொட்டையடித்துக் காரியம் பலித்தவன் ஊரெல்லாம் சொல்லுகின்றான். மொட்டையடித்தும் பலிக்காதவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கின்றான்.

இந்தச் சரக்கு இங்கு முளைத்ததல்ல. அமெரிக்காவில் டேல் கார்னகி என்பவர் நண்பர்களைச் சம்பாதிப்பதும் பிறரை வசப்படுத்துவதும் எப்படி என்று ஒரு புத்தகம் வெளியிட்டது 1936ஆம் வருஷம். நெப்போலியன் ஹில் என்பவர், நினைத்தே பணக்காரனாகலாம் என்னும் கருத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டது 1937ஆம் வருஷம். இன்றைக்கு நம்முடைய மண்டபங்களில் விற்கப்படுவதில் பெரும்பாகம் இந்த இரண்டு புத்தகங்களின் எச்சில்தான்.

இந்த இரண்டு வருஷங்களையும் புதுச்சேரி மக்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏன்? அதே 1936ஆம் வருஷம் ஜூலை 30ஆம் தேதி புதுச்சேரி சவானா பஞ்சாலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு சர்க்கார் துப்பாக்கிப் பிரயோகம் செய்து, 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். அதே 1937ஆம் வருஷம் ஏப்ரல் 6ஆம் தேதிதான் பிரெஞ்சு இந்தியாவில் நாளைக்கு 8 மணி நேர வேலை என்றும், தொழிலாளர்கள் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவு பிறந்தது. அமெரிக்காவில் ஒருவர் “நினை, பணம் வரும்” என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில், நம் ஊர்ப் பஞ்சாலைத் தொழிலாளி வெறுமனே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எட்டு மணி நேரம் வந்திருக்குமா? கண்ணை மூடி நெஞ்சில் கையை வைத்தா வாங்கினான்? கண்ணைத் திறந்து, பக்கத்துத் தறிக்காரன் கையைப் பிடித்துக்கொண்டல்லவா வாங்கினான்!

அந்தப் போராட்டத்திற்குத் தலைமை வகித்தவர் தோழர் வ. சுப்பையா. 1911இல் பிறந்தவர், அப்பொழுது வயது இருபத்தைந்துதான். எந்த வகுப்பில் பணம் கட்டித் தலைமைப் பண்பு கற்றார்? வாலிபர்களைச் சேர்த்தார், 1934இல் ‘சுதந்திரம்’ என்னும் பத்திரிகையை ஆரம்பித்தார், ஆலை வாசலுக்குப் போனார். தொழிலாளிகளின் குறைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர்களுக்காகப் பேசக் கற்றார். அவருடைய கட்சி வேறு, நம்முடைய வழி வேறு என்பதற்காக உண்மையை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இன்னும் பின்னால் போய்ப் பார்ப்போம். 1873இல் புதுச்சேரியில் பொன்னுத்தம்பி பிள்ளை என்று ஒரு வக்கீல் இருந்தார். இந்தியர் தங்கள் உடையில் நீதிமன்றத்திற்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்பது அக்கால வழக்கம். அவர் ஐரோப்பியர் அணியும் காலணியோடு உள்ளே போனார். நீதிபதி வெளியேற்றினார். இந்தச் சமயத்தில் நம்முடைய வெற்றிப் பயிற்சிக்காரர் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? “பிறரை வசப்படுத்துங்கள், ஐயா! செருப்பைக் கழற்றுங்கள், சிரித்த முகத்தோடு கும்பிடுங்கள், கட்சிக்காரர்கள் வந்து குவிவார்கள்” என்றிருப்பார். அது தனிமனித வெற்றிக்கு நல்ல யோசனையாகவும் இருந்திருக்கும்! பொன்னுத்தம்பியோ பாரிசிலுள்ள உச்ச நீதிமன்றம் வரையில் வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். அவர் கால் ஒன்றுக்குக் கிடைத்த ஜெயம் பின்னால் வந்தவர்கள் எல்லோர் காலுக்கும் கிடைத்தது. பிறகு அவர் கதவு என்று பொருள்படும் ‘லபோர்த்’ என்னும் பெயரை வைத்துக்கொண்டு, 1881ஆம் வருஷத்து உத்தரவின்படி சாதி வழக்கத்தை ஒட்டின சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொள்ளுகின்ற இயக்கத்திற்குத் தலைமை தாங்கினார். தனக்கு மாத்திரம் கதவைத் திறந்துகொண்டு, உள்ளே போனவுடன் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுவது வெற்றி. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் தலைமை.

பெண்களில் உதாரணம் வேண்டுமா? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கின்றார். பொட்டுக்கட்டும் கொடுமையை உள்ளிருந்து கண்ட குடும்பத்துப் பெண். அந்தக் கொடுமையை எதிர்த்து ஊர் ஊராய்ப் பேசினார். நாம் மேலே சொன்ன அதே 1936ஆம் வருஷத்தில் அதைப் பற்றி ஒரு நாவலும் எழுதினார். 1938இல் இந்தி எதிர்ப்பிலும் முன்னே நின்றார். 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தபோது அது அவரைப் போன்றவர்களின் உழைப்பினால் வந்தது. இவருக்கு யார் “நீ தலைவி” என்று மூன்று தரம் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஆகவே, தலைமை என்பது ஒருவனுடைய மண்டைக்குள் ஏற்றக்கூடிய சரக்கு அல்ல; பலருடைய காரியத்தைப் பொறுப்பேற்று நடத்தி, தவறு செய்து, கேள்வி கேட்கப்பட்டு, பதில் சொல்லிப் பழகுவதனால் வருவது என்று தெரிகின்றது. நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியாது. தண்ணீர் வேண்டும். தலைமைக்குத் தண்ணீர் எது? சங்கம், வாசகசாலை, கூட்டுறவு, பஞ்சாயத்து, நகர சபை இவைகளேயாகும்.

இந்த இடத்தில்தான் உழவர்கரையின் வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

உழவர்கரை இன்று நேற்று முளைத்த ஊரல்ல. 1880ஆம் வருஷத்திலேயே பிரெஞ்சு சர்க்கார் அதைத் தனிக் கொம்யூனாக்கி, அதற்கு ஒரு சபையும் வைத்தது. அக்காலத்துத் தேர்தல்கள் யோக்கியமாக நடந்தன என்று நாம் சொல்ல வரவில்லை. அடிதடியும் புரட்டும் மலிந்த தேர்தல்கள்தான். ஆனாலும் அன்னிய ஆட்சியிலேயே உள்ளூர்க்காரனுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள், சுய ஆட்சி வந்தது. வந்து என்ன ஆயிற்று? புதுச்சேரியில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் எப்பொழுது? 2006இல்! முப்பத்தெட்டு வருஷம் கழித்து! அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு பத்து வருஷம் கடந்து 2021இல் தேர்தல் என்று அறிவித்தார்கள். இடஒதுக்கீடு பற்றிய தகராறு நீதிமன்றத்திற்குப் போய் அதுவும் நின்றுபோயிற்று.

2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி உழவர்கரை நகராட்சியில் மூன்று லட்சம் மக்கள் இருந்தார்கள். புதுச்சேரி நகராட்சியைவிட இது பெரியது. மூன்று லட்சம் பேருடைய குடிதண்ணீரும், சாக்கடையும், தெருவிளக்கும், குப்பையும் அந்தப் பத்து வருஷத்திற்கு மேற்பட்ட காலம் அதிகாரிகளின் மேசையில் கிடந்தன; மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு ஆளும் அங்கு இல்லை. புதுச்சேரிக் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டின ‘மேரி’ என்னும் நகராட்சிக் கட்டடம் 2014இல் இடிந்து விழுந்தது. அதைத் திரும்பவும் பழைய மாதிரியே கட்டி 2021இல் திறந்துவிட்டார்கள். கட்டடம் எழுந்துவிட்டது. அதில் உட்கார வேண்டியவர்கள் எங்கே?

இதில் நட்டம் யாருக்கு? 1993இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம், நகர சபைகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத ஸ்தானம் பெண்களுக்கு என்றும், ஜனத்தொகை விகிதப்படி தாழ்த்தப்பட்ட மக்களுக்கு என்றும் விதித்திருக்கின்றது. பணக்காரனுக்கும் பெரிய சாதிக்காரனுக்கும் நகர சபை இல்லாவிட்டால் என்ன நட்டம்? அவனுக்கு மந்திரி வீட்டுக் கதவு திறந்திருக்கின்றது. சேரியில் இருக்கின்ற ஒரு தாயார் குழாயில் தண்ணீர் வரவில்லையென்று எழுந்து கேட்டு, நாளைக்குத் தானே உறுப்பினராகிப் பதில் சொல்லக் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரே பள்ளிக்கூடம் வார்டு சபைதான். அந்தப் பள்ளிக்கூடத்தைச் சாத்திவிட்டார்கள். “சூத்திரன் படிக்கக் கூடாது” என்று மனுதர்மம் சொல்லிச் சாத்தினதும், இன்றைக்குத் தேர்தல் வைக்காமல் சாத்தினதும் காரணத்தில் வேறாயிருக்கலாம். பலனில் ஒன்றுதானா, இல்லையா?

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, அம்மாவின் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டினதாக ஒரு பையன் நம்மிடம் சொன்னான். இருபது வயதுக்குச் சற்று மேல் இருக்கும். “தம்பி, உன் தெருவில் என்ன குறை?” என்று கேட்டோம். “மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது, அண்ணே” என்றான். “உன் வார்டு உறுப்பினர் யார்?” என்றோம். விழித்தான். “அப்படி ஒருவர் உண்டா?” என்று நம்மையே திருப்பிக் கேட்டான். கடைசியாக ஒரு உறுப்பினர் இருந்த காலத்தில் அவன் சின்னப் பிள்ளை; பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? தலைவனாக வேண்டுமென்று தாயின் தோட்டை அடகு வைத்த பிள்ளைக்கு, தன் ஊரில் தலைமை வகிக்கச் சட்டப்படி ஒரு இடம் இருக்கின்றது என்பதே தெரியவில்லை. தண்ணீரை வற்றடித்துவிட்டு நீச்சல் வகுப்புக்குப் பணம் வசூலிக்கின்ற நாடு இது!

மற்றவர்களை மாத்திரம் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நம் தோழர்கள் வீட்டிலும் குறை இருக்கின்றது. கடவுளை விட்டோம், ஆனால் தலைவர் வருகின்றார் என்றால் ஆளுயர மாலையும், பாலபிஷேகத்திற்குச் சமமான பட்டாசும் வேண்டியிருக்கின்றது. கூட்டம் போட்டால் எப்பொழுதும் அதே நாலு பேர் மேடையில். பெண்கள் நாற்காலி துடைக்கவும் நன்றி சொல்லவும் மாத்திரம். இதற்காகவா சுயமரியாதை இயக்கம் ஏற்பட்டது? 1929இல் செங்கற்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது, ஒருவன் பிறவியிலேயே தலைவன், மற்றவன் பிறவியிலேயே தொண்டன் என்னும் எண்ணத்தை வேரோடு பிடுங்கத்தானே? பெரியாருக்கு ‘பெரியார்’ என்னும் பெயரையே 1938இல் சென்னையில் கூடின பெண்கள் மாநாடுதான் கொடுத்தது. அதற்குத் தலைமை வகித்தவரும் ஒரு பெண், நீலாம்பிகை அம்மையார். ஈரோட்டு நகர சபைத் தலைவராக இருந்து குடிதண்ணீர்க் குழாய்க் கணக்குப் பார்த்தவர்தான் பெரியார் என்பதையும் மறக்க வேண்டாம். சாக்கடையையும் குழாயையும் பார்ப்பது சின்னக் காரியம் என்று அவர் நினைக்கவில்லை.

ஆதலால் உழவர்கரை வாலிபர்களுக்கும், சுற்றுப்புறத்துக் கிராமவாசிகளுக்கும் நாம் சொல்லுவது இதுதான். பத்து பேர் சேருங்கள். ஒரு திண்ணை போதும். ஒரு பத்திரிகை போதும். வாரம் ஒரு தரம் கூடுங்கள். ஒவ்வொரு வாரமும் வேறொருவர் தலைமை வகிக்கட்டும்; முறை வைத்து, பெண்ணும் ஆணும், கூலிக்காரரும் படித்தவரும் வரவேண்டும். தலைமை வகிக்கின்றவர் எல்லோரையும் பேசவிட்டுத் தாம் கடைசியில் பேசட்டும். வசூலித்த பணத்தின் கணக்கைக் காசு விடாமல் உரக்கப் படிக்கட்டும். தெருவிலுள்ள ஒரு குறையை எடுத்துக்கொண்டு, மனு எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, நகராட்சி ஆணையர் அலுவலகத்திற்கு நேரில் போய்க் கொடுத்து, பதில் வருகின்றவரையில் விடாதீர்கள். அந்த மனுவின் கடைசி வரியில், “எங்கள் வார்டுக்குத் தேர்தல் எப்பொழுது?” என்ற கேள்வியை ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். சட்டசபைக்கு ஓட்டுக் கேட்டு வருகின்றவர் யாராயிருந்தாலும், எந்தக் கட்சியாயிருந்தாலும், வாசலில் நிறுத்தி முதலில் இதையே கேளுங்கள்.

இப்படி ஆறு மாதம் செய்து பாருங்கள். பேச்சு வராதவனுக்குப் பேச்சு வரும். கோபக்காரனுக்குப் பொறுமை வரும். கணக்குத் தெரியாதவனுக்குக் கணக்கு வரும். சாக்கடை சரியாகிவிடும் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. சத்தியம் செய்வது புரோகிதன் வேலை. ஆனால் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். அதற்குப் பிறகு அவர்களை ஏமாற்றுவது அதிகாரிக்கும் கஷ்டம், அரசியல்வாதிக்கும் கஷ்டம், மண்டபத்தில் விளக்கை மங்கச் செய்கின்றவருக்கும் கஷ்டம்.

இதற்குக் கட்டணம் ஒன்றுமில்லை. அம்மாவின் தோடு அம்மாவின் காதிலேயே இருக்கட்டும்.